மூளைக் கட்டியை அறிவதில் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 41. முதன்முறையாக வலிப்பு வந்ததால் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் இடது முன்மடலில் சுமார் 3 செ.மீ. அளவில் ஒரு மாற்றம் தெரிகிறது. ‘தரம் குறைந்த கிளையோமாவாக இருக்கலாம், எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபியுடன் பொருத்திப் பார்க்கவும்’ என்று அறிக்கை முடிகிறது. இது கட்டிதானா, புற்றுநோயா என்பதை அந்தப் பரிசோதனை உறுதிசெய்துவிடுமா? அப்படியானால் மண்டையோட்டைத் துளைத்துச் செய்யும் பயாப்ஸியைத் தவிர்க்கலாமா?

பதில்: நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனின் நிலையில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது திசுவில் உள்ள வேதிப்பொருள்களை எம்.ஆர்.ஐ. கருவியாலேயே அளக்கும் பரிசோதனை, பயாப்ஸிக்கு மாற்றாகாது. ஒரு மூளைக் கட்டியின் வகையையும் தரத்தையும் (1 முதல் 4 வரை; எண் கூடக் கூடக் கொடியது) இன்று தீர்மானிப்பவை, நுண்ணோக்கியின் கீழ் திசு காட்டும் தோற்றமும் அத்திசுவில் உள்ள மரபணு மாற்றங்களும் ஆகும்; இரண்டையும் அறியத் திசு கையில் இருக்க வேண்டும். ஆயினும் அறிக்கையில் அந்த வரியை எழுதிய கதிரியக்க மருத்துவர் வீண் வேலை எதையும் சொல்லவில்லை. ‘இது கட்டியா?’ என்று பொதுவாகக் கேட்டால் மங்கலான பதிலைத் தருகிற இந்தப் பரிசோதனை, ‘இது கிளையோமாவா (மூளையின் தாங்கு உயிரணுக்களில் எழும் கட்டி), காசநோய்க் கட்டியா?’ என்பதுபோல இரண்டு சாத்தியங்களை எதிரெதிரே நிறுத்திக் கேட்கும்போது பல வேளைகளில் தெளிவாகவே பதில் சொல்கிறது. எங்கே அது தெளிவாகப் பேசும், எங்கே தடுமாறும் என்பது விளங்க வேண்டுமானால், அது எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. படம், உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையால் உருவாகிறது. 1 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு 42.58 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சுழல்கிறது, 1.5 டெஸ்லா கருவியில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். ஆனால் எல்லா ஹைட்ரஜனும் மிகச் சரியாக ஒரே அதிர்வெண்ணில் சுழல்வதில்லை. அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சற்றே மறைக்கின்றன; அந்த மறைப்பு, ஹைட்ரஜன் எந்த மூலக்கூறில், எந்த இடத்தில் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இந்த வேறுபாடு 1950ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் அம்மோனியம் நைட்ரேட்டைச் சோதித்த பிராக்டரும் யூவும், ஒரே தனிமமான நைட்ரஜனிலிருந்து ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் வருவதைக் கண்டார்கள். அணுக்கருவின் காந்தத் திறனைத் துல்லியமாக அளக்க முயன்ற இயற்பியலாளர்களுக்கு அது ஒரு தொல்லை. வேதியியலாளர்களுக்கோ மூலக்கூறுகளை அடையாளம் காணும் புதையலாக அமைந்தது.

இந்த விலகல் மிகச் சிறியது என்பதால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில், பிபிஎம் என்னும் அலகால் குறிக்கிறார்கள். நீர் 4.7 பிபிஎம் இடத்தில் நிற்கும். நரம்பணுக்களில் நிறைந்துள்ள என்-அசிட்டைல் அஸ்பார்டேட், அதாவது என்ஏஏ, 2.0 இடத்தில் நிற்கும். கிரியேட்டின் 3.0, கோலின் 3.2. கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் இடையே உள்ள 0.2 பிபிஎம் தூரம், 1.5 டெஸ்லாவில் வெறும் 13 ஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 26 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் அந்தச் சிறு பகுதிக்குள் சீராக இல்லாவிட்டால், இவை தரும் இரண்டு சமிக்ஞைச் சிகரங்களும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே மேடாகிவிடும். 3 டெஸ்லா கருவியை விரும்புவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல் அளவு. மூளையில் நீரின் செறிவோடு ஒப்பிட்டால், நாம் தேடும் வேதிப்பொருள்களின் செறிவு ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு; என்ஏஏ கூட லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவில்தான் இருக்கிறது. தவில் முழங்கும் மண்டபத்தில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வது போன்ற வேலை இது. ஆகவே முதலில் நீரின் சமிக்ஞையைக் குறிவைத்து அடக்குகிறார்கள், பிறகு, எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 1 கன மில்லிமீட்டர் என்றால், ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய கனவடிவப் பகுதியை, அதாவது ஒரு ‘பெட்டியை’, எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள பெட்டி என்றால் கொள்ளளவு 8 மில்லிலிட்டர். அதே அளவீட்டை 128 முறை திரும்ப எடுத்துச் சராசரி காண்பது வழக்கம்; அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நோயாளி தலையை அசைக்கக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது படமன்று, ஒரு வரைகோடு. அதில் உள்ள சிகரங்களில் ஐந்தாறுதான் கட்டி விஷயத்தில் முக்கியம். என்ஏஏ நரம்பணு இருப்பதன் அடையாளம். நரம்பணு அழிந்தாலோ, அதன் இடத்தை வேறு உயிரணுக்கள் பிடித்துக்கொண்டாலோ அது குறையும். கோலின் சிகரம் உயிரணுச் சவ்வுகள் ஆக்கப்படுவதையும் அழிவதையும் காட்டுகிறது. உயிரணுக்கள் நெருக்கமாகவும் விரைவாகவும் பெருகும் இடத்தில் அது உயரும். கிரியேட்டின் ஆற்றல் பரிமாற்றத்தோடு தொடர்புடையது. அது பெரிதும் மாறாது என்ற நம்பிக்கையில் பிற சிகரங்களை அதோடு ஒப்பிட்டு விகிதம் காண்கிறார்கள். கட்டிக்குள் கிரியேட்டினும் மாறும் என்பதால் அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. 3.56இல் வரும் மயோ-இனோசிட்டால், நரம்பணுக்களைத் தாங்கும் கிளையா உயிரணுக்களின் அடையாளமாகக் கருதப்படுகிறது. 1.3 அருகில் லாக்டேட்டும் கொழுப்பும் வரும்: முதலாவது, ஆக்சிஜன் இல்லாமலோ அல்லது கட்டிகளுக்கே உரிய முறையிலோ குளுக்கோஸ் எரிக்கப்படுவதைக் காட்டும், இரண்டாவது, திசு செத்துச் சவ்வுகள் சிதைந்திருப்பதைக் காட்டும்.

ஒரே இடத்தில் வரும் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? லாக்டேட்டின் சிகரம் உண்மையில் 7 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரட்டைச் சிகரம். எதிரொலி நேரத்தை (அணுக்கருக்களைத் தூண்டுவதற்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் இடையே விடும் நேரம்) 135 முதல் 144 மில்லிசெகண்டுக்குள் வைத்தால் அது தலைகீழாகத் தொங்கும். கொழுப்பு அப்படித் திரும்பாது. 288 மில்லிசெகண்டில் லாக்டேட் மறுபடி நிமிர்ந்துவிடும். ஆகவே ‘லாக்டேட் உள்ளது’ என்று அறிக்கை சொன்னால், எந்த எதிரொலி நேரத்தில் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். குறுகிய நேரத்தில், அதாவது 30 மில்லிசெகண்டை ஒட்டி எடுத்தால் மயோ-இனோசிட்டால் முதலிய பல பொருள்கள் தெரியும்; ஆனால் அடித்தளம் கரடுமுரடாக இருக்கும். நீண்ட நேரத்தில் எடுத்தால் சிகரங்கள் சில, ஆனால் தெளிவானவை. 3 டெஸ்லாவில் 144இல் எடுக்கும்போது பெட்டியின் எல்லை ஒவ்வொரு பொருளுக்கும் சற்று விலகிவிடுவதால், தலைகீழ் லாக்டேட் வலுவிழந்து காணப்படுவதும் உண்டு. இது தெரியாமல் ‘லாக்டேட் இல்லை’ என்று எழுதப்படும் அறிக்கைகள் கணிசம்.

மனித மூளைக் கட்டிகளில் இவ்வகை அளவீட்டை முதன்முதலாகச் செய்தவர்களில், 1989இல் முடிவுகளை வெளியிட்ட ஜெர்மனியின் கோட்டிங்கன் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். ‘கோலின் உயர்ந்து என்ஏஏ தாழ்ந்தால் கட்டி’ என்ற சூத்திரம் விரைவில் பரவியது. அது தவறன்று, ஆனால் அரைகுறையானது, அந்த அரைகுறையால்தான் குழப்பங்கள் விளைகின்றன.

கோலின் உயர்வது கட்டிக்கு மட்டுமே உரிய குணம் அன்று. நரம்புறை அழியும் நோய்களில், குறிப்பாகக் கட்டி போலவே பெரிதாகத் தோன்றும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் புண்ணில், சவ்வுகள் சிதைவதாலும் அழற்சி உயிரணுக்கள் குவிவதாலும் கோலின் உயரும், என்ஏஏ குறையும், லாக்டேட்டும் வரும். வரைகோட்டை மட்டும் பார்த்தால் கிளையோமா என்றே சொல்லத் தோன்றும். பிறந்த குழந்தையின் இயல்பான மூளையிலேயே கோலின் அதிகம், என்ஏஏ குறைவு. தரத்தைக் கணிப்பதிலும் இதே நிலைதான். குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா தரம் 1. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால் குணமாவது. அது காட்டும் வரைகோடோ உயர்ந்த கோலினும் லாக்டேட்டுமாக, கொடிய கட்டியைப் போலவே இருக்கும். உயிரணுக்கள் நெருங்கிய தரம் 2 ஒலிகோடென்ட்ரோகிளையோமாவும் அளவுக்கு மீறிய கோலினைக் காட்டக்கூடும். மறுபுறம், மிகக் கொடிய கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதி செத்துப்போயிருந்தால், அங்கே கோலின் ஏறக்குறைய இல்லாமலே போய், கொழுப்பு மட்டும் ஓங்கி நிற்கும். ஆகையால் ‘கோலின்–கிரியேட்டின் விகிதம் இத்தனை, ஆகவே தரம் இத்தனை’ என்று ஒற்றை எண்ணை நம்பி முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை. அந்த எண், எதிரொலி நேரம் மாறினாலே மாறிவிடும். எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான எல்லைக்கோடு ஒன்று இல்லை.

இனி, தெளிவாகப் பேசும் இடங்கள். நம் நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது காசநோய். வலிப்போடு வரும் ஒருவரின் மூளையில் வளையமாக ஒளிரும் ஒரு புண் தெரிந்தால், அது கட்டியா, டியூபர்குலோமாவா (காசநோய்க் கட்டி), நாடாப்புழுவின் இளநிலைக் கூடா என்ற கேள்வி மேற்கத்திய நாடுகளைவிட இந்தியாவில் மிகுதியாக எழுகிறது. தவறான விடையின் விலையும் பெரிது: ஒரு பக்கம் மாத்திரையால் கரையக்கூடிய புண்ணுக்கு மண்டையைத் திறப்பது, மறுபக்கம் கட்டிக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துக் காலத்தைப் போக்குவது. காசநோய்க் கிருமியின் உறையில் கொழுப்பு மிகுதி. அதன் கட்டியின் நடுவில் உள்ள பாலாடைக்கட்டி போன்ற அழிவிலும் கொழுப்பே மிகுதி. ஆகவே வரைகோட்டில் 1.3 அருகே பெரிய கொழுப்புச் சிகரம் எழ, பிற பொருள்கள் ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கல்வி நிலையத்தில் ராகேஷ் குமார் குப்தாவின் குழுவினர், மூளைத் தொற்றுகளை ஸ்பெக்ட்ரோஸ்கோபியால் பிரித்தறிவது பற்றிப் பல ஆண்டுகள் செய்த பணி, இத்துறையில் உலக அளவில் எடுத்தாளப்படுவது. எச்சரிக்கை ஒன்று: கிளையோபிளாஸ்டோமாவின் செத்த நடுப்பகுதியும் கொழுப்பைக் காட்டும். ஆகவே கொழுப்புச் சிகரத்தோடு, டி2 என்னும் வகை எம்.ஆர்.ஐ. படத்தில் நடுப்பகுதி கருத்திருக்கிறதா, ஓரத்தில் கோலின் உயர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். சில டியூபர்குலோமாக்களின் ஓரத்திலும் கோலின் சற்று உயர்வதுண்டு.

சீழ்க்கட்டியில் வேதியியல் இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. சீழில் உள்ள வெள்ளணுக்கள் புரதங்களைச் சிதைப்பதால் விடுபடும் வாலின், லூசின், ஐசோலூசின் ஆகிய அமினோ அமிலங்கள் 0.9 இடத்தில் தோன்றும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் இருந்தால் 1.9இல் அசிட்டேட்டும் 2.4இல் சக்சினேட்டும் சேரும். கட்டிகளில் இவை காணப்படுவதில்லை. பாக்டீரியாவின் வகையைக்கூட ஓரளவு ஊகித்து மருந்தைத் தேர்ந்தெடுக்க இது உதவும். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டால் இந்தச் சிகரங்கள் தேய்ந்து மறையும். எனவே பரிசோதனையின் நாள் முக்கியம். உண்மையில், நடுப்பகுதியில் நீரின் அசைவு தடைபடுவதைக் காட்டும் டிஃப்யூஷன் படமே பெரும்பாலான சீழ்க்கட்டிகளை இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பெக்ட்ரோஸ்கோபி அதில் ஐயம் எழும்போது தேவைப்படுவது.

மூளைக்கு வெளியிலிருந்து வந்தவற்றைப் பிரிப்பது இன்னொரு வலுவான இடம். நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளிலிருந்து பரவி வந்த கட்டிக்குள் நரம்பணு கிடையாது, என்ஏஏ இருக்காது. அதைவிடப் பயனுள்ள தடயம், கட்டிக்கு வெளியே சுற்றிலும் வீங்கித் தோன்றும் பகுதியில் இருக்கிறது. பரவி வந்த கட்டி சுற்றுப்புறத்தை அழுத்தி நீர்கோக்க வைக்கிறது; அங்கே கோலின் உயராது. கிளையோபிளாஸ்டோமா அந்த வீக்கத்துக்குள்ளேயே ஊடுருவியிருக்கும். அங்கே கோலின் உயர்ந்திருக்கும். மூளை உறையிலிருந்து எழும் மெனிஞ்சியோமாவில் என்ஏஏ இல்லாததோடு, 1.47இல் அலனின் என்ற அமினோ அமிலம் தோன்றினால் அது நல்ல சான்று; ஆனால் எல்லா மெனிஞ்சியோமாவிலும் அது தெரிவதில்லை. குழந்தைகளின் பின்மூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமாவில் 3.4 அருகே டாரின் காணப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்தது.

உங்கள் அண்ணனின் நிலைக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது ஐடிஎச் மரபணு பற்றிய செய்தி. 2008இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சில கிளையோமாக்களில் ஐடிஎச்1 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் மாற்றம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அதன் விளைவும் தெரிந்தது: மாறிய நொதி, தன் இயல்பான வேலையை விட்டு, 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளை உண்டாக்கிக் குவிக்கிறது. இயல்பான மூளையில் அளக்க முடியாத அளவு சொற்பமாக உள்ள இப்பொருள், அத்தகைய கட்டியில் பல மில்லிமோல் செறிவுக்கு ஏறிவிடும். ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு இதைவிட நல்ல இலக்கு அமைவது அரிது. கோலினைப் போலப் பலவற்றுக்கும் பொதுவான அறிகுறியாக இல்லாமல், குறிப்பிட்ட மரபணு மாற்றத்தின் நேர் விளைபொருளாகவே இது இருக்கிறது. 2012இல் டல்லாஸின் டெக்சஸ் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தினர், 3 டெஸ்லா கருவியில் எதிரொலி நேரத்தை 97 மில்லிசெகண்டுக்கு வைத்து, உயிருள்ள நோயாளிகளின் மூளையில் இதைக் கண்டுகாட்டினார்கள்.

இதன் முக்கியத்துவம் பிறகு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு, பெரியவர்களின் மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவும் கிளையோமாக்களை ஐடிஎச் மாற்றம் உள்ளவை, இல்லாதவை என்றே முதலில் பிரிக்கிறது. மாற்றம் உள்ளவை மெதுவாக வளர்பவை, சிகிச்சைக்கும் நன்கு இசைபவை. மாற்றம் இல்லாத ஒன்று, படத்தில் சாதுவாகத் தோன்றினாலும், குறிப்பிட்ட மரபணு அடையாளங்கள் இருந்தால் கிளையோபிளாஸ்டோமா என்றே வகைப்படுத்தப்படும். அந்த மாறிய நொதியை முடக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நாற்பதை ஒட்டிய வயது, முன்மடல், முதல் வலிப்பு ஆகியவை சேர்ந்திருப்பதால், உங்கள் அண்ணனின் கட்டி கிளையோமாவாகவே இருக்குமானால் ஐடிஎச் மாற்றம் உள்ள வகையாக இருக்கும் வாய்ப்பு நல்ல அளவில் உண்டு.

ஆனால் இந்தச் சிகரத்தைக் காண்பது எளிதன்று. அது 2.25 இடத்தில் நிற்கிறது. அதே அண்டையில் குளுட்டமேட்டும் குளுட்டமினும் காபா என்ற பொருளும் நெருங்கி நிற்கின்றன. வழக்கமான 30 அல்லது 144 மில்லிசெகண்டு அளவீட்டில், தெளிவற்ற வரைகோட்டில், இல்லாத ஒன்று இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தோன்றக்கூடும். கட்டி சிறிதாகவோ, உயிரணுக்கள் நெருக்கம் குறைந்ததாகவோ இருந்தால் சமிக்ஞை போதாது. இதற்கென அமைத்த அளவீட்டு முறையும், கணித முறையில் சிகரங்களைப் பிரிக்கும் மென்பொருளும், அதில் பழகிய ஆளும் வேண்டும். இவை மூன்றும் ஒருசேர அமைந்த மையங்கள் உலகெங்கும் குறைவுதான். தெளிவாகத் தெரிந்தால் வலுவான சான்று, தெரியாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை என்ற அளவில் கொள்வதே முறை. சில வேளைகளில் வழக்கமான எம்.ஆர்.ஐ.யே இதற்கு விடை தந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்: டி2 படத்தில் ஒரே சீராக வெளுத்திருக்கும் கட்டி, ஃபிளேர் என்னும் மற்றொரு வகைப் படத்தில் ஓரம் மட்டும் வெளுத்து உட்புறம் கருத்துத் தெரிந்தால், அது ஐடிஎச் மாற்றமுள்ள அஸ்ட்ரோசைட்டோமா என்ற கிளையோமா வகை என்பதற்கு மிக நம்பகமான அறிகுறி. கூடுதல் செலவு இல்லாத அந்த அறிகுறியை முதலில் தேடச் சொல்லுங்கள்.

பயாப்ஸியைத் தவிர்ப்பதைவிட, பயாப்ஸியை நன்றாகச் செய்ய உதவுவதில்தான் ஸ்பெக்ட்ரோஸ்கோபி தன் கட்டணத்துக்கு உரிய பயனைத் தருகிறது என்பது என் கருத்து. கிளையோமா ஒரே சீரானதன்று. ஓரிடத்தில் தரம் 2 போலவும், ஒரு செ.மீ. தள்ளி தரம் 3 போலவும் இருக்கலாம். ஊசி தரம் குறைந்த பகுதியில் இறங்கினால் நோய் குறைத்து மதிப்பிடப்படும். கட்டி முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து அளக்கும் பல்பெட்டி முறையில், ஒவ்வொரு கட்டத்திலும் கோலினும் என்ஏஏவும் எப்படி இருக்கின்றன என்பதை வண்ணப் படமாக்கி, கோலின் மிகுந்த இடத்தை ஊசியின் இலக்காக நரம்பியல் அறுவை மருத்துவருக்குக் காட்டலாம். கான்ட்ராஸ்ட் மருந்தேற்றினாலும் ஒளிராத கட்டிகளில், அதாவது தரம் குறைந்ததாகக் கருதப்படுபவற்றில், இலக்கைத் தேர இது பெரிதும் துணைபுரியும்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் எழும் கேள்வியும் புகழ்பெற்றது: படத்தில் புதிதாக ஒளிர்வது திரும்பி வந்த கட்டியா, கதிர்வீச்சால் செத்த திசுவா? கட்டியென்றால் கோலின் உயரும். செத்த திசுவென்றால் எல்லாமே தாழ்ந்து கொழுப்பும் லாக்டேட்டும் மட்டும் நிற்கும். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருப்பது வழக்கம் என்பதால், ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் படத்தையோ அமினோ அமில பெட் ஸ்கேனையோ சேர்க்காமல் இதை மட்டும் நம்புவது சரியன்று. கதிர்வீச்சைத் திட்டமிடுவதற்கே இதைப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்திருக்கிறது. பிரான்சில் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வொன்றில், கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு வழக்கமான 60 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சோடு, கோலின் மிகுந்த பகுதிக்கு மட்டும் 72 கிரே வரை கொடுத்துப் பார்த்தார்கள், வாழ்நாள் கூடவில்லை. கட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுவதும், நோயாளிக்கு நன்மை விளைவிப்பதும் வேறு வேறு என்பதற்கு இது சான்று. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மூளைக் கட்டிக்கான ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்குப் பணம் தர 2004இல் மறுத்ததும், நோயாளியின் நலனில் மாற்றம் விளைகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்ற அடிப்படையில்தான். அந்த முடிவு சற்றுக் கடுமையானது என்றாலும், காரணமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது.

நல்ல வரைகோடு கிடைப்பது பெட்டியை வைக்கும் கையைப் பொறுத்தது. பெட்டி மண்டையோட்டுக்கு அருகில் சென்றால், தலைத்தோலின் கொழுப்பு உள்ளே கசிந்து, டியூபர்குலோமாவுக்கோ செத்த திசுவுக்கோ உரிய கொழுப்புச் சிகரத்தைப் பொய்யாக உண்டாக்கும். மூக்கின் காற்றறைகளுக்கு மேலே உள்ள முன்மடலின் அடிப்பகுதியிலும், காதெலும்பை ஒட்டிய பகுதியிலும் காந்தப்புலம் சீர்கெடும். ரத்தக் கசிவும் சுண்ணமும் பழைய அறுவைச் சிகிச்சையின் உலோகமும் அதையே செய்யும். ஒன்றரை செ.மீ.க்குக் குறைந்த புண் என்றால், பெட்டியில் பாதிக்குமேல் இயல்பான மூளையே இருக்கும். என்ஏஏ நன்றாக இருப்பதாகத் தோன்றி வீண் ஆறுதல் தரும். உங்கள் அண்ணனின் 3 செ.மீ. அளவு இந்தக் கணக்கில் வசதியானதே. அது முன்மடலின் மேற்பகுதியில், எலும்பிலிருந்து விலகி இருந்தால் இன்னும் நல்லது.

ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி 3 டெஸ்லாவாக இருப்பது விரும்பத்தக்கது. குறுகிய, நீண்ட எதிரொலி நேரங்கள் இரண்டிலும் எடுக்கச் சொல்லலாம். மறுபக்க மூளையில் அதே இடத்தில் ஒப்பீட்டுக்காக ஒரு பெட்டியும் வைக்கச் சொல்லலாம். பயாப்ஸிக்குப் பிறகு ரத்தமும் காற்றும் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அறிக்கையோடு, பெட்டி வைத்த இடத்தைக் காட்டும் படமும் வரைகோடும் கட்டாயம் இருக்க வேண்டும். விகிதங்களை மட்டும் அச்சிட்டுத் தரும் அறிக்கையை இன்னொரு மருத்துவர் சரிபார்க்க வழியில்லை. வீக்கத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் தெரிவியுங்கள்: லிம்ஃபோமா என்ற வகைக் கட்டி ஸ்டீராய்டால் தற்காலிகமாகச் சுருங்கி, படத்தையும் பயாப்ஸியையும் ஒருங்கே ஏமாற்றக்கூடியது. ஆனால் அந்த மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

வரைகோடு கட்டியென்று சொல்லி எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னால், அடுத்த பேச்சு அறுவைச் சிகிச்சையைப் பற்றியதாகவே இருக்கும். பாதுகாப்பாக எடுக்கக்கூடிய இடம் என்றால், தனியாகப் பயாப்ஸி செய்யாமல், இயன்ற அளவு கட்டியை அகற்றி அந்தத் திசுவையே பரிசோதனைக்கு அனுப்புவதைப் பல நரம்பியல் அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். வரைகோடும் எம்.ஆர்.ஐ.யும் முரண்பட்டால் எம்.ஆர்.ஐ.யின் பக்கமே நான் சாய்வேன். ஒருவேளை சில மாதம் காத்திருந்து பார்க்கலாம் என்று மருத்துவக் குழு முடிவெடுத்தால், அடுத்த ஸ்பெக்ட்ரோஸ்கோபியை அதே கருவியில், அதே எதிரொலி நேரத்தில், பெட்டியை அதே இடத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.